இருபது வருஷமாகப் போகும் கிளினிக்கை எதை வைத்து எடை போடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் தன் அம்மாவைப் பற்றி, கோலாலம்பூரில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது. இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்ததிலிருந்து, இருபது வருஷமாக, டவுனில் ஒரே டாக்டரிடம்தான் காட்டுகிறார். தமிழ் பேசும் டாக்டர், கைராசிக்காரர் என்று பேர். ஆனால் உள்ளே போன ஐந்து நிமிஷத்தில் அம்மா வெளியே வந்துவிடுகிறார். கையில் ஆறு பாக்கெட் மாத்திரை, சில சமயம் ஒரு ஊசி, பில் 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறைவதில்லை. தங்கச்சியின் வீட்டுக்காரர் அரசாங்கக் கிளினிக்குக்கு மாற்றச் சொல்கிறார், அம்மா அசைய மாட்டேன் என்கிறார். கிடைப்பது நல்ல வைத்தியம்தானா, அதை வீட்டார் எப்படித் தெரிந்துகொள்வது என்பது கேள்வி.

நான் பேராக்கில் அரசாங்கக் கிளினிக்குகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலத்தின் பெரும்பகுதி இனிப்புநீர்க்காரர்களைக் கவனிக்கும் அறையில் கழிந்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அதனால் அம்மா ஏன் அசைய மறுக்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது, உங்கள் வீட்டுக்காரர் ஏன் கவலைப்படுகிறார் என்பதும் புரிகிறது.

தங்கச்சி, டாக்டரை மாற்றுவதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் அந்தக் கிளினிக்கில் அம்மா பேரில் இருக்கும் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காய்ச்சல் சீக்கிரம் விட்டதா, வலி அன்றைக்கே குறைந்ததா என்பதை வைத்துத்தான் ஊரில் டாக்டருக்குப் பேர் கொடுக்கிறார்கள். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது போதும், அவை பெரும்பாலும் தானாகவே போய்விடும். இனிப்புநீருக்கும் கொதிப்புக்கும் அந்த அளவுகோல் உதவாது. இந்த இரண்டு நோயும் வலிக்காமல் வேலை செய்பவை. அவற்றை ஒரு டாக்டர் கவனிக்கிறாரா என்பது கார்டில் மட்டும்தான் தெரியும்.

இருபது வருஷம் ஒரே டாக்டரிடம் போவது சாதாரண விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 2001-இலிருந்து ஒவ்வொருவருக்கும் பேர் குறித்த ஒரு குடும்ப டாக்டர் உண்டு. அங்கே லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களைவிட இறப்பு ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவாக இருந்தது. அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆக, அம்மாவின் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்டரிடம் ஒவ்வொரு நோயாளிக்கும் முழுப் பதிவு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அங்கிருந்து கடிதம் அவருக்கே திரும்பி வரும். நம் நாட்டில் அப்படி யாரையும் எந்த டாக்டர் பேரிலும் எழுதி வைப்பதில்லை. இன்றைக்கு இந்தக் கிளினிக், நாளைக்கு அடுத்த தெருக் கிளினிக் என்று போகலாம், கேட்பாரில்லை. பழக்கம் இருக்கிறது, பதிவு இல்லை என்றால் இருபது வருஷமும் இருபது தனித்தனி வருஷமாகப் போய்விடும்.

அந்தக் கார்டில் என்ன இருக்க வேண்டும்? இதற்கு என் அபிப்பிராயம் தேவையில்லை. சுகாதார அமைச்சு இனிப்புநீர்ச் சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, 2020 டிசம்பரில் அதன் ஆறாம் பதிப்பு வந்தது. அதில் முதலாவது எச்.பி.ஏ.1சி என்ற இரத்தச் சோதனை. கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது காட்டும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பது அந்த நிமிஷத்துச் சர்க்கரையைத்தான் சொல்லும். டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, தேநீரில் சீனியை நிறுத்திவிட்டு வருகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் மனம் நோகக் கூடாதே என்கிற பாசம் அது. விரல் சோதனை அதற்கு ஏமாந்துவிடும், எச்.பி.ஏ.1சி ஏமாறாது. எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. பலருக்கு 6.5 முதல் 7 வரை என்று பார்ப்பார்கள். தள்ளாத வயதும் வேறு நோயும் உள்ளவருக்கு 8 வரை விடலாம். அம்மாவுக்கு எந்த எண்ணைக் குறி வைத்திருக்கிறார் என்று டாக்டரைக் கேளுங்கள். யோசித்து வைத்திருப்பவர் உடனே சொல்வார்.

இரண்டாவது சிறுநீரகம். இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது பலருக்குத் தெரியும். அதைவிட முந்தியே ஆபத்தைக் காட்டுவது சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்ற சோதனை. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் வேகத்தைக் குறைக்கலாம். கால் வீங்கி, முகம் வீங்கி வரும்போது கண்டுபிடித்தால் பேச்சு டயாலிசிஸ் பக்கம் போய்விடும். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் வந்தவர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம்மில் மூன்று பேரை நிறுத்தினால் கிட்டத்தட்ட ஒருவர். அதனால்தான் வருஷத்துக்கு ஒரு சிறுநீர்ச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கொழுப்பும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், இரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும். கண்ணுக்குள் படம் எடுத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். டவுன் கிளினிக்கில் அந்தக் கருவி இருக்காது, அது டாக்டரின் குற்றம் இல்லை. ஆனால் எங்கே போய் எடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் கால். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், நம் ஆட்கள் கால் விரலையும் காலையும் இழப்பது என் மனதை ரொம்பவும் வாட்டிய விஷயம். இனிப்புநீர் நாளாக நாளாக நரம்பைக் கெடுத்துப் பாதத்தில் உணர்ச்சியைக் குறைத்துவிடும். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிஷத்து வேலை, செலவே இல்லை. சுங்கை சிப்புட் அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவராக இருக்கலாம், திருவிழாவில் தீமிதிக்க வேண்டுதல் வைத்திருக்கலாம். தார் ரோட்டில் வெறுங்காலோடு வெயிலில் நடந்து பாதம் கொப்பளித்தது தெரியாமல், நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகு கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நல்ல குடும்ப டாக்டர் தை மாதம் பிறக்கும்போதே கேட்பார்: "அம்மா, இந்த வருஷம் பால்குடம் உண்டா, விரதம் எத்தனை நாள்?" விரதம் பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. இனிப்புநீர் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிட்டுவிட்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வயதானவர்களுக்கு அது விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற அளவுக்குப் போகும். வேண்டுதலை விடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. காலில் எதையாவது போட்டுக்கொண்டு நடக்கவும், மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளவும் சொல்வேன். இதை அம்மாவோடு தமிழில், கோயில் பழக்கம் தெரிந்து பேச முடிகிற டாக்டர் கிடைத்திருப்பது உண்மையில் பாக்கியம். அவர் பேசுகிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

சரி, அந்த ஆறு பாக்கெட்டுக்கு வருவோம். நம் நாட்டில் கிளினிக் டாக்டரே மருந்தும் கொடுக்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பாக்கெட்டில் அம்மாவின் பேர், மருந்தின் பேர், எப்படிச் சாப்பிடுவது, கொடுத்த தேதி, கிளினிக்கின் பேரும் முகவரியும் இருக்க வேண்டும். "கொலஸ்ட்ரோல்", "காலை ஒன்று இரவு ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. நாளைக்கே அம்மா மயங்கி விழுந்து ஆம்புலன்சில் ஏற்றினால், அங்கே இருக்கும் டாக்டருக்கு அந்த வெள்ளை மாத்திரை எது என்று தெரிய வேண்டும். அடுத்த தடவை கவுண்டரில் மரியாதையாக, "எல்லாப் பாக்கெட்டிலும் மருந்து பேர் எழுதிக் கொடுங்கள்" என்று அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். கவுண்டரில் இருக்கும் பெண் பிள்ளைகள் பலர் மருந்தியல் படித்தவர்கள் இல்லை, வேலையில் பழகியவர்கள். பேர் எழுதியிருந்தால் கைமாறிப் போகும் தவறும் குறையும்.

ஊருக்கு வரும்போது அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கிளினிக் மாத்திரை, மருந்துக் கடையில் வாங்கியது, பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய மூட்டுவலிக் கேப்சூல், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி, எதையும் விடாதீர்கள். மூட்டுவலிக்கு அற்புதமாக வேலை செய்கிறது என்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றிவிடும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார், சர்க்கரை இறங்காது, காரணம் யாருக்கும் தெரியாது. அந்தப் பையை டாக்டர் மேசையில் வைத்து, "இதில் எது தேவை, எது வேண்டாம், பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இரண்டை நிறுத்தச் சொல்கிற டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். மருந்தைச் சேர்ப்பது சுலபம், நிறுத்துவதற்குத்தான் நோயாளியைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிப்பின் கொடுப்பார்கள், நல்ல மருந்து. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது மருந்தின் பக்க விளைவு என்று கவனிக்காவிட்டால், வீக்கத்துக்கு நீர் போகும் மாத்திரை சேரும். நீர் நிறையப் போனதில் உப்புச்சத்து குறைந்து கால் இழுத்துப் பிடிக்கும், அதற்கு இன்னொரு மாத்திரை. ஆறு பாக்கெட் இப்படியும் வரும். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மூன்று பாக்கெட்டில் முடிந்திருக்கும்.

ஊசியைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம் பெரியவர்கள் நினைப்பது தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்து வந்தது. அன்றைக்கு டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) போட்ட ஊசி உயிரைக் காப்பாற்றியது உண்மை. இன்றைக்கு டவுன் கிளினிக்கில் மூட்டுவலிக்குப் போடும் ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்து, சில நேரம் வைட்டமின் பி, சில நேரம் ஸ்டீராய்டு. எப்போதாவது ஒரு தடவை, காரணத்தோடு போட்டால் பரவாயில்லை. ஆனால் இனிப்புநீரும் கொதிப்பும் உள்ள 63 வயது அம்மாவுக்கு மாதாமாதம் டைக்ளோஃபெனாக் என்றால் சிறுநீரகம் தாங்காது, கொதிப்பும் ஏறும். ஸ்டீராய்டு என்றால் சர்க்கரை எகிறும். போட்டது என்ன ஊசி என்று கேட்பது நோயாளியின் உரிமை. "வலிக்கு நல்லது" என்பது பதில் ஆகாது. பேர் சொல்ல மறுக்கிற இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் இந்த விஷயம் இன்னும் முக்கியம். டெங்கியில் வலி ஊசியும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளும் இரத்தக்கசிவைத் தூண்டிவிடும். தசையில் போடும் ஊசியே கூடாது. பாரசிட்டமால் போதும். டெங்கி என்று சந்தேகப்படும் டாக்டர் இரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பார், மூன்றாம் நாளிலிருந்து தினமும் வரச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்ப்பார், எந்த அறிகுறி தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். காய்ச்சல் விடும் சமயம்தான் டெங்கியில் ஆபத்தான சமயம். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு வந்தால் காத்திருக்கக் கூடாது. டெங்கியை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் 1988 தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் டாக்டரின் கடமை.

தோட்டப்புறத்து டாக்டர் காய்ச்சல்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: என்ன வேலை செய்கிறீர்கள்? செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் ஈர மண்ணும் காலில் இருக்கும் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்து, ஆள் குலை வெட்டுகிறவர் என்றால் அதை நினைக்காமல் விடக் கூடாது. அங்கே ஆன்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்க வேண்டும். சாதாரண சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னாலும், இந்த இடத்தில் தயங்கினால் உயிர் போகும். மருந்து தெளிக்கும் பெண்களுக்கும் இதே கேள்விதான். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனாலும் மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் இருக்கின்றன. தோல் அரிப்பு, மூச்சுத் திணறல் என்று வருகிறவரிடம் வேலையைக் கேட்காமல் களிம்பு கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரம் அவர் மறுபடி வருவார். உங்கள் உறவில் தோட்ட வேலை செய்பவர்கள் அதே கிளினிக்குக்குப் போகிறார்கள் என்றால், டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்கிறாரா என்று விசாரியுங்கள். ஊரைத் தெரிந்த டாக்டரா என்று அதில் தெரிந்துவிடும்.

ஐந்து நிமிஷம் என்பது மட்டும் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. 67 நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தை 2017-இல் தொகுத்தார்கள். பங்களாதேஷில் 48 வினாடி, சுவீடனில் 22.5 நிமிஷம். உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து நிமிஷமோ அதற்குக் குறைவோதான் கிடைக்கிறது. இருபது வருஷமாகத் தெரிந்த ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் நிறையச் செய்யலாம், கார்டு சரியாக இருந்தால். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பில் ஏன் 90 வெள்ளி ஆகிறது என்பதற்கும் டாக்டர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. டாக்டர் பார்த்துப் பேசுவதற்கான கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என்று 2006-ஆம் வருஷத்து விதிமுறையில் போட்டார்கள். அதன் பிறகு கடை வாடகையும் ஆள் சம்பளமும் எங்கேயோ போய்விட்டன, அந்தக் கட்டணம் மட்டும் பல வருஷம் அப்படியே இருந்தது. கம்பெனி ஊழியர்களின் பில்லைக் கட்டும் பேனல்காரர்கள் அதிலும் பேரம் பேசுவார்கள். அப்புறம் கிளினிக் எதில் பிழைக்கும்? மருந்தில்தான். யோசித்துப் பேசுவதற்குக் காசு இல்லை, பாக்கெட்டுக்குக் காசு உண்டு என்று ஏற்பாடு செய்துவிட்டால் பாக்கெட் பெருகத்தான் செய்யும். இதனால் ஒவ்வொரு டாக்டரும் பணத்தாசைக்காரர் என்று ஆகிவிடாது. ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. கேட்டால் தனித்தனியாக விலை போட்ட பில் கொடுக்க வேண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே மருந்துக் கடையிலும் வாங்கலாம். "டாக்டர், உங்கள் நேரத்துக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம், மாதாந்திர மாத்திரையை வெளியே வாங்கிக்கொள்கிறோம்" என்று நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலான டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் அரசாங்கக் கிளினிக். நான் அங்கேயே வேலை பார்த்தவள், நல்லதையும் குறையையும் சொல்கிறேன். ஒரு வெள்ளிதான். நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அட்டவணைப்படி நடக்கும், தவறினால் யாராவது கேட்பார்கள். பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார். கண் படம், கால் சோதனை, உணவு ஆலோசனை எல்லாம் அந்த அமைப்புக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் இன்றைக்குப் பார்த்த டாக்டர் அடுத்த தடவை இருக்க மாட்டார். கூட்டம் இருக்கும். இளம் டாக்டர் மலாயில் கேட்பார். அம்மாவுக்குக் கடையில் பேசும் அளவு மலாய் நன்றாக வரும், ஆனால் "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி அழுத்துது" என்பதை அந்த மொழியில் சொல்லத் தெரியாமல் "ஓக்கே, ஓக்கே" என்று எழுந்து வந்துவிடுவார். இனிப்புநீர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பே அந்த மாதிரி லேசான அழுத்தமாக, சோர்வாக, மூச்சுத் திணறலாக வரும் என்பதால் நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர், கொதிப்புக்கான தொடர் சோதனையும் மாதாந்திர மருந்தும் அரசாங்கக் கிளினிக்கில். காய்ச்சல், திடீர்க் கோளாறு, மனம் விட்டுப் பேச வேண்டியது பழைய டாக்டரிடம். அரசாங்க மருந்தைத் தபாலில் வரவழைக்கவும், பக்கத்து அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது, அதனால் மாதாமாதம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடத்துக்கும் மற்ற இடத்து மருந்து தெரிந்திருக்க வேண்டும். இது கட்டாயம். மெட்ஃபார்மின் ஒரு கிளினிக்கில் குளுக்கோஃபேஜ் என்ற பேரில் வரும், இன்னொரு இடத்தில் டயபெட்மின் என்ற பேரில் வரும். டயபெட்மின் ஈப்போ கம்பெனியின் மாத்திரைதான், நல்ல மாத்திரைதான். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் சாப்பிட்டு, வயிற்றைக் கலக்கி, எடை இறங்கி வந்த ஒரு அம்மாவை நாங்கள் பல வாரம் சோதனை சோதனையாக அனுப்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் மகள் மருந்துப் பையைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

அம்மா இதற்கும் மறுத்தால் பழைய டாக்டரிடமே எல்லாம் நடக்கட்டும், நீங்கள் கூடப் போங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சே மாறும். சண்டை வேண்டாம். "டாக்டர், இத்தனை வருஷம் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்கள். கடைசி எச்.பி.ஏ.1சி எவ்வளவு, எப்போது எடுத்தது? சிறுநீரில் புரதம் பார்த்தோமா? கண்ணுக்குக் கடிதம் வேண்டுமா?" என்று கேளுங்கள். கார்டைத் திருப்பிப் பார்த்து, "ஆமாம், போன வருஷத்தோடு நின்றுவிட்டது, இன்றைக்கே இரத்தம் எடுத்துவிடலாம்" என்று சொன்னால் நல்ல டாக்டர்தான். எந்தக் கிளினிக்கிலும் விட்டுப்போவது உண்டு, ஒப்புக்கொண்டு சரிசெய்வதுதான் முக்கியம். "என் மேல் நம்பிக்கை இல்லையா" என்று குரலை உயர்த்தினால், இருபது வருஷப் பழக்கமாக இருந்தாலும் அம்மாவை அங்கே விடாதீர்கள். சோதனையே வேண்டாம் என்று தள்ளுகிறவர், நெஞ்சு வலிக்கு வாயு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறவர், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டால் கோபப்படுகிறவர் விஷயத்திலும் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

டாக்டருக்கு நடப்பு வருஷத்துத் தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பேரைப் போட்டுப் பார்க்கலாம். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1998-ஆம் வருஷத்துத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின்படி கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கும். அவசரம் என்று யார் வந்தாலும் முதலுதவி செய்யாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. பெரிய குறை நடந்தால் முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் கிளினிக்குகளைக் கண்காணிக்கும் பிரிவுக்குப் போகலாம்.

இன்னும் ஒன்று. அரசாங்க உதவித்தொகை எஸ்.டி.ஆர். அம்மாவுக்கு வருகிறது என்றால் பெகா பி40 திட்டத்தில் இலவசமாக முழுச் சோதனை செய்துகொள்ளலாம். 2019-இல் தொடங்கியது, 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இரத்தம், சிறுநீர் எல்லாம் அதில் அடங்கும், தனியார் கிளினிக்குகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அம்மாவின் டாக்டரும் சேர்ந்திருந்தால் அவரிடமே செய்யலாம், 90 வெள்ளிப் பேச்சே வராது. அடையாள அட்டை எண்ணைப் போட்டு இணையத்திலேயே தகுதி பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வரும்போது திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வருபவர்கள் கூட்டமாக இருப்பார்கள், டாக்டருக்குப் பேச நேரம் இருக்காது. வாரத்தின் நடுவில், முன்கூட்டியே போன் பண்ணி, "சோதனை எல்லாம் பார்த்துப் பேச வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இரத்தம் எடுப்பதாக இருந்தால் அம்மா முந்தைய இரவிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வரட்டும். காலைக் கொதிப்பு மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். இனிப்புநீர் மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு, பசியாறும்போது போட்டால் போதும். சோதனை முடிவு வந்ததும் கிளினிக்கில் ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைத் தேதியை உங்கள் போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.